ஹூஸ்டன் வழியாகத் தெற்கைக் கேட்பது: அமெரிக்கத் தெற்கின் ராப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ராப் இசையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகிறேன். அதில் என் மனம் ஒதுங்கும் இடம் தெற்கு. தெற்கிலும் ஹூஸ்டன் நகரம். ஹூஸ்டனிலும் ஸ்கார்ஃபேஸ் என்ற மனிதரின் குரல். இதைத் தெரிந்துகொண்ட நண்பர்களும் கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகளும் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது கேட்பார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தெற்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

டெக்ஸஸில் ஹூஸ்டன், லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸ், டென்னசியில் மெம்ஃபிஸ், ஜார்ஜியாவில் அட்லாண்டா, ஃபுளோரிடாவில் மயாமி, வர்ஜீனியாவின் கடலோர நகரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ராப் உண்டு. ஒன்றைக் கேட்டுவிட்டு மற்றதும் தெரியும் என்று சொல்ல முடியாது.

ஆனால் வேர் ஒன்றுதான். அடிமை முறை நிலைகொண்டிருந்த மண் அது. புளூஸ், ஜாஸ், மெம்ஃபிஸின் சோல் இசை எல்லாம் அங்கே வளர்ந்தவை. இருபதாம் நூற்றாண்டில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் பிழைப்பைத் தேடியும் நிறவெறிக்குத் தப்பியும் அங்கிருந்து நியூயார்க், சிகாகோ என்று வடக்கே குடிபெயர்ந்தார்கள். 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்ற இளைஞர் இசைத்தட்டு சுழற்றிய ஒரு விருந்தைத்தான், ராப்பையும் உள்ளடக்கிய ஹிப்-ஹாப் கலாசாரத்தின் பிறப்பாகக் கொண்டாடுகிறார்கள். அந்த இசையைக் கேட்டு வளர்ந்த இளைஞர்களில் பலருடைய தாத்தா பாட்டிகள் தெற்கத்திக்காரர்கள். ஆகவே ராப் தெற்கே வந்ததை, பேரப்பிள்ளைகள் பூர்வீக ஊருக்கு வந்ததாகவே நான் பார்க்கிறேன்.

அப்படியானால் வடக்கு ஏன் அவர்களை மதிக்கவில்லை?

இசை நிறுவனங்கள் நியூயார்க்கில் இருந்தன. பத்திரிகைகளும் அங்கேதான். கலிஃபோர்னியாவின் மேற்குக் கரையில் திரைத்துறையின் பணமும் பெரிய நிறுவனங்களும் இருந்ததால் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது. தெற்கத்திக்காரர்கள் வாயைத் திறந்தாலே பட்டிக்காடு என்றார்கள். இழுத்துப் பேசும் உச்சரிப்பு, நிதானமான தாளம், தேவாலயத்து ஆர்கனின் சாயல், எல்லாமே நாகரிகம் தெரியாததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அந்த ஏளனத்தை அவர்கள் திருப்பிப் பிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹூஸ்டனுக்குக் கிழக்கே போர்ட் ஆர்தர் என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் ஊர் இருக்கிறது. அங்கிருந்து வந்த யூ.ஜி.கே குழுவின் பிம்ப் சி தன் இசைக்குத் தானே வைத்த பெயர் "கன்ட்ரி ராப் டியூன்ஸ்", அதாவது நாட்டுப்புறத்து ராப் மெட்டுகள். அட்லாண்டாவின் குடி மாப் குழு 1995இல் "அழுக்குத் தெற்கு" என்று பொருள்படும் "டர்ட்டி சவுத்" என்ற பெயரில் ஒரு பாட்டே போட்டது. பிறகு அந்தப் பெயர் முழு வட்டாரத்துக்கும் நிலைத்துவிட்டது.

1995 விருது விழாவில் என்ன நடந்தது? எல்லோரும் அதையே சொல்கிறார்களே?

1995 ஆகஸ்ட் 3, நியூயார்க். "தி சோர்ஸ்" என்ற ஹிப்-ஹாப் பத்திரிகையின் விருது விழா. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் பகை முற்றியிருந்த நேரம். கலிஃபோர்னியாவின் இசை நிறுவன முதலாளி ஷுக் நைட் மேடையேறி, நியூயார்க் தயாரிப்பாளர் ஒருவரை எல்லோருக்கும் புரியும்படி குத்திக்காட்டிவிட்டுப் போனார். அரங்கம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டுக்கு நடுவே சிறந்த புதிய குழு என்று அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் பெயர் அறிவிக்கப்பட்டது.

அந்தக் குழுவின் ஆன்ட்ரேவுக்கும் பிக் பாய்க்கும் அப்போது இருபது வயதுதான். பரிசு வாங்க மேடைக்கு வந்தவர்களைப் பார்த்து அரங்கம் கூச்சலிட்டது. பிக் பாய் முதலில் மரியாதையாக நன்றி சொன்னார். பிறகு ஆன்ட்ரே ஒலிவாங்கியைப் பிடித்தார். குரலில் நடுக்கமும் கோபமும் சேர்ந்தே இருந்தன. மூடிய மனத்தோடு இருப்பவர்களைப் பார்த்து அலுத்துவிட்டது என்று சொல்லி, "தெற்கிடம் சொல்ல விஷயம் இருக்கிறது" என்று முடித்தார். அவ்வளவுதான்.

அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் தெற்கின் வரலாற்றை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த மாலைக்கு முன்பே மயாமிக்காரர்கள் நீதிமன்றத்தில் போராடி முடித்திருந்தார்கள். ஹூஸ்டனில் சொந்த நிறுவனம் வேரூன்றியிருந்தது. தெற்கு தன் வீட்டை ஏற்கெனவே கட்டி, கூரையும் வேய்ந்துவிட்டது. நியூயார்க் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தது.

மயாமி நீதிமன்ற விவகாரம் என்ன?

மயாமியின் டூ லைவ் க்ரூ குழுவும் அதை நடத்திய லூதர் காம்ப்பெல்லும் பச்சையான பாலியல் பாட்டுகளுக்குப் பெயர் போனவர்கள். 1990 ஜூனில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அவர்களுடைய ஆல்பம் ஆபாசமானது என்று தீர்ப்பளித்தார். அதை விற்ற கடைக்காரரும் கைது செய்யப்பட்டார், பாடிய குழுவினரும் கைது செய்யப்பட்டார்கள். குழுவினரை ஜூரிகள் விடுவித்தார்கள். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆபாசத் தீர்ப்பையே ரத்து செய்தது. ஒரு பழைய பாட்டைக் கேலியாக மாற்றிப் பாடியதற்காக வந்த இன்னொரு வழக்கில், 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் வாதத்தின் பக்கம் நின்றது. பகடி செய்யும் உரிமைக்கு இன்றைக்கும் அமெரிக்கச் சட்டத்தில் அந்தத் தீர்ப்புதான் மேற்கோள். அந்தப் பாட்டுகளை நான் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் அவர்கள் போராடியதால் பலன் பெற்றவர்கள் எத்தனையோ பேர்.

ஸ்கார்ஃபேஸ் யார்?

இயற்பெயர் பிராட் ஜோர்டன். 1970இல் பிறந்தவர். வளர்ந்தது ஹூஸ்டனின் தென்பகுதி. இசை புழங்கிய குடும்பம். கிட்டார் வாசிப்பார், ராக் இசையும் கேட்டு வளர்ந்தவர். ராப்பர் என்றால் ராப் மட்டுமே கேட்டிருப்பார் என்று நினைப்பவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுவேன். அவருடைய பாட்டுகளில் இழையும் துயரத்துக்கு அந்தக் கிட்டாரும் ஒரு காரணம்.

1980களின் பிற்பகுதியில் ஹூஸ்டனின் ஃபிஃப்த் வார்ட் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரின்ஸ் என்பவர் பழைய கார் வாங்கி விற்கும் தொழில் செய்துகொண்டிருந்தார். தம்பி தெருவில் கெட்டுப்போகாமல் இருக்க ஏதாவது செய்யவேண்டும் என்று தொடங்கியதுதான் ராப்-எ-லாட் என்ற இசை நிறுவனம். அதன் முதன்மைக் குழு கெட்டோ பாய்ஸ். 1989இல் ஸ்கார்ஃபேஸும் வில்லி டியும் அதில் சேர்ந்தார்கள். குழுவில் நடனக்காரராக இருந்த, உருவத்தில் குள்ளமான புஷ்விக் பில்லும் ஒலிவாங்கியைப் பிடித்தார். மறு ஆண்டே அவர்களுடைய ஆல்பத்தை விநியோகிக்க ஜெஃபன் நிறுவனம் மறுத்துவிட்டது. வன்முறை அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பது காரணம். அவர்கள் நின்றுவிடவில்லை. அதற்கும் அடுத்த ஆண்டு, 1991இல், "என் மனமே என்னை ஏமாற்றுகிறது" என்று பொருள்படும் "மைண்ட் ப்ளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ" என்ற பாட்டு வந்தது.

பிறகு ஸ்கார்ஃபேஸ் தனியாகவும் பல ஆல்பங்கள் போட்டார். 2000 வாக்கில் நியூயார்க்கின் டெஃப் ஜாம் நிறுவனம் தெற்குக்கென்று ஒரு கிளையைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்க அவரைத்தான் அழைத்தது. அட்லாண்டா வானொலியில் அறிவிப்பாளராக இருந்த லுடாக்ரிஸை ஒப்பந்தம் செய்தது அந்தக் கிளை. தெற்கத்திக்காரரைப் பட்டிக்காடு என்ற ஊர், தெற்கில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெற்கத்திக்காரரிடமே கேட்கவேண்டி வந்தது.

"மைண்ட் ப்ளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ" என்ற அந்த ஒரு பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

இதற்கு நிதானமாகவே பதில் சொல்வேன்.

முதலில் வருவது கிட்டார். மெம்ஃபிஸின் ஐசக் ஹேஸ் 1974இல் ஒரு திரைப்படத்துக்குப் போட்ட இசையிலிருந்து எடுத்த துண்டு. அந்தத் துண்டு திரும்பத் திரும்பச் சுழல்கிறது. மெட்டு இனிமையானதுதான், ஆனால் நிம்மதி தராது. அதன் மேல் ஸ்கார்ஃபேஸின் குரல். நான்கு சுவருக்குள் தனியாக உட்கார்ந்து மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவன், தூக்கம் இல்லை, வேர்க்கிறது. யாரோ பின்தொடர்வதாக உணர்கிறான். பின்தொடர்பவனின் தொப்பி இவனுடைய தொப்பியைப் போலவே இருக்கிறது; கைத்தடியும் அப்படியே.

கடைசிப் பகுதி புஷ்விக் பில்லுடையது. ஹாலோவீன் இரவில் நண்பர்கள் சேர்ந்து ஒரு பெரிய உருவத்தை மடக்கி அடிக்கிறார்கள். அடிக்க அடிக்கக் கை ரத்தமாகிறது. பார்த்தால் எதிரே யாரும் இல்லை. இவன் குத்திக்கொண்டிருந்தது கான்கிரீட் தரையை.

1991இல் ராப்பில் துப்பாக்கியும் வீரமும் நிறையப் பேசப்பட்டன. துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு இரவில் என்ன நடக்கிறது என்று இவ்வளவு வெளிப்படையாக யாரும் சொல்லவில்லை. பாட்டின் தலைப்பு, தன் பாட்டி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை என்று ஸ்கார்ஃபேஸ் சொல்லியிருக்கிறார். 2015இல் வெளியான தன்வரலாற்றில், பிள்ளைப் பருவத்திலேயே தற்கொலை எண்ணத்தோடு போராடியதையும் மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகு அந்தக் கிட்டார் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

பாப் பாட்டுகளோடு போட்டியிடும் பில்போர்ட் பட்டியலில் அது 23ஆம் இடம் வரை போனது. ஹூஸ்டன் பழைய கார்க்காரர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து.

பெரிய நிறுவனங்களின் ஆதரவு இல்லாமல் எப்படி விற்றார்கள்?

கார் டிக்கியில் வைத்து. கேசட்டும் குறுந்தகடும் நிரப்பிய டிக்கியோடு ஊர் ஊராகப் போனார்கள். முடிதிருத்தும் கடை, கார் கழுவும் இடம், சனிக்கிழமைச் சந்தை, இரவு விடுதியின் வாசல் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் கடைதான். வானொலி போடாத பாட்டைத் தெரு போட்டது. ஹூஸ்டனிலிருந்து லூசியானா, மிசிசிப்பி, அலபாமா என்று ஒரே நெடுஞ்சாலை வழியாக ஒரு பாட்டு பயணப்பட்டுவிடும். அதற்கு நியூயார்க்கின் அனுமதி தேவையில்லை.

இதில் வியாபாரப் பாடமும் இருந்தது. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட கலைஞனுக்கு ஓர் ஆல்பத்தில் கிடைப்பது மிகச் சொற்பம். சொந்தமாக அச்சடித்து டிக்கியில் விற்றவனுக்கு விற்பனைப் பணத்தில் பெரும்பகுதி கையிலேயே நின்றது. ஆகவே பெரிய நிறுவனங்கள் பிறகு தேடி வந்தபோது இவர்கள் பசியோடு போய் உட்காரவில்லை. நியூ ஆர்லியன்ஸின் மாஸ்டர் பி, தன் நோ லிமிட் நிறுவனத்துக்கு வருமானத்தில் 85 விழுக்காடும் மூல ஒலிப்பதிவுகளின் உரிமையும் தன்னிடமே இருக்கும்படி ஒப்பந்தம் போட்டார். அதே ஊரில் வில்லியம்ஸ் சகோதரர்களின் கேஷ் மனி நிறுவனம் 1998இல் யூனிவர்சலோடு போட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 3 கோடி டாலர் என்று பேசப்பட்டது.

தெற்கின் எழுச்சிக்குக் காரணம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். திறமை எல்லா ஊரிலும் உண்டு. தெற்கில் திறமையோடு சேர்த்துக் கடையும் இருந்தது, சாவியும் இருந்தது.

ஆனால் சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதையும் பார்க்கவேண்டும். நிறுவனத்தை நடத்தியவர்கள் முதலாளிகள் ஆனார்கள். பாடியவர்களுக்கு எப்போதும் நியாயம் கிடைத்துவிடவில்லை. கேஷ் மனியில் சிறுவனாகச் சேர்ந்து அதன் மிகப்பெரிய நட்சத்திரமான லில் வெய்ன் 2015இல் அந்த நிறுவனத்தின் மேலேயே 5.1 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். இதை விட்டுவிட்டுச் சுயதொழில் பெருமையை மட்டும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

ஏன் இவ்வளவு பேஸ், அடியில் அதிரும் தாழ்ந்த ஒலி? நெஞ்சு அதிர்கிறதே?

நெஞ்சு அதிரத்தான் அப்படிச் செய்கிறார்கள். நியூயார்க்கில் சுரங்க ரயிலில் போகிறவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்கிறான். தெற்கில் எங்கே போனாலும் கார், தூரம் அதிகம், வெயில் அதிகம். கேட்கும் அறையே கார்தான். ஒரு பாட்டு முடிந்ததும் அதை ஸ்டூடியோவில் மட்டும் கேட்டுப் பார்த்தால் போதாது, காரில் போட்டுப் பார்க்கவேண்டும். டிக்கியில் பெரிய ஒலிபெருக்கிகளைப் பொருத்தியவர்களுக்கு ஏற்றபடி தாளம் தாழ்ந்தது, நிதானப்பட்டது.

அதற்கு வாய்த்த கருவி ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டி.ஆர்-808 தாளப் பெட்டி. உண்மையான டிரம் போல ஒலிக்கவில்லை என்று அன்றைக்குப் பலர் ஒதுக்கிய பெட்டி அது. அதன் பேஸ் டிரம் ஒலியை நீட்டினால் அடி விழுந்த பிறகும் கும்மென்று இழுத்துக்கொண்டே போகும். மயாமிக்காரர்கள் அதை மூச்சு முட்ட ஓட்டினார்கள், மெம்ஃபிஸ் இருட்டாக்கியது, அட்லாண்டா பிற்பாடு டிராப் என்ற இசைக்கு அதையே அஸ்திவாரமாக்கியது. இன்றைக்கு உலகில் எந்த மொழியில் ராப் வந்தாலும் அடியில் அந்த இழுவை கேட்கும்.

டிஜே ஸ்க்ரூ பாட்டைக் கேட்டேன். பழுதான கேசட் போல இருக்கிறது. இதுவா இசை?

எங்கள் தலைமுறைக்கு இதை விளக்குவது சுலபம். பேட்டரி தீரும் நேரத்தில் டேப் ரெக்கார்டரில் பாட்டு ஓடினால் குரல் கனத்து, இழுத்து, பாதாளத்திலிருந்து வருவது போல் ஆகும். அவசரமாக நிறுத்திவிடுவோம், டேப் சிக்கிவிடுமே என்று. அந்த இழுவைக்குள் ஓர் அழகு இருப்பதைக் கண்டுபிடித்தவர்தான் ராபர்ட் ஏர்ல் டேவிஸ் என்ற டிஜே ஸ்க்ரூ.

அவர் முறை இது. இரண்டு சுழல்தட்டுகளில் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகள். ஒன்று மற்றதைவிட ஒரு தாள அடி பின்தங்கி ஓடும். கை இரண்டுக்கும் நடுவே வெட்டி வெட்டிப் போகும்போது ஒரு சொல் இருமுறை விழும், ஒரு வரி பாதியில் திரும்பும். பிறகு முழுப் பதிவையும் வேகம் குறைத்து கேசட்டில் ஏற்றுவார். வேகமாக ஓடும்போது காதில் நழுவிப்போகும் சொல், இங்கே முழு எடையோடு வந்து உட்காரும்.

சாம்பல் நிறக் கேசட்டுகள். ஹூஸ்டன் தென்பகுதியில் அவர் வீட்டுக்கு முன்னால் இரவில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். ஒருவன் தன் பிறந்தநாளுக்கென்று பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து கேசட் செய்யச் சொல்லலாம். நண்பர்கள் வந்து அவன் பெயரைச் சொல்லி அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார்கள். 1996 ஜூன் 27 அன்று அப்படி ஒரு நண்பரின் பிறந்தநாளுக்குப் பதிவானது அரைமணி நேரத்துக்கும் மேல் ஓடும். யாருக்கும் எழுதி வைத்த வரி இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடிக்கிறார். தெருவே ஓர் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது போல் இருக்கும்.

அந்தக் கேசட்டுகளில் பாடியவர்களில் பிக் ஃபிளாய்ட் என்று ஒருவர் உண்டு. 2020 மே மாதம் மினியாபொலிஸில் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் உயிர்விட்ட ஜார்ஜ் ஃபிளாய்ட் அவர்தான். உலகம் அவருடைய கடைசி நிமிடங்களை மட்டுமே பார்த்தது. அவர் இளமையாக, சிரிப்போடு பாடிய குரல் ஸ்க்ரூவின் கேசட்டில் இருக்கிறது. முடிந்தால் அதைக் கேளுங்கள்.

ஸ்க்ரூ 2000 நவம்பரில் இறந்தார். வயது 29. கோடீன் கலந்த இருமல் மருந்து அந்த வட்டாரத்தில் போதையாகப் பரவியிருந்தது. அவர் உடலிலும் கோடீன் இருந்தது. 2007இல் பிம்ப் சியும் போனார், 33 வயதில். அவர் சாவிலும் அதே மருந்துக்குப் பங்கு உண்டு. அந்த மருந்தைப் புகழும் பாட்டுகள் பிரபலம். அவற்றில் சிலவற்றின் தாளம் எனக்குப் பிடிக்கும் என்றாலும் அந்த வரிகள் வரும்போது இந்த இரண்டு பேரின் வயதும் நினைவுக்கு வரும்.

அட்லாண்டா எப்படித் தலைநகரம் ஆனது?

ஒரு வீட்டின் நிலவறையிலிருந்து. தயாரிப்பாளர் ரிக்கோ வேடின் தாயார் வீட்டுக்கு அடியில், தரை போடாத மண் அறை. செம்மண் தூசியில் கருவிகள். கூரை தாழ்வு. சுற்றிலும் இருபது வயதுகூட நிரம்பாத பையன்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அதற்கு டஞ்சன், அதாவது பாதாளச் சிறை என்று பெயர். அவுட்காஸ்ட், குடி மாப் இரண்டும் அங்கிருந்து வந்தவை. எழுதியதை எல்லோர் முன்னாலும் பாடிக்காட்ட வேண்டும். தேறாவிட்டால் மறுபடி எழுத வேண்டும்.

1995இல் கூச்சல் கேட்ட அவுட்காஸ்டின் மூன்றாவது ஆல்பத்துக்கு 1998இல் அதே பத்திரிகை ஐந்துக்கு ஐந்து கொடுத்தது. 2004இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் அவர்களுக்கு வந்தது. 2025இல் ராக் அண்ட் ரோல் புகழ் அரங்கிலும் சேர்க்கப்பட்டார்கள். அதைப் பார்க்க ரிக்கோ வேட் இல்லை. 2024 ஏப்ரலில் 52 வயதில் காலமாகிவிட்டார்.

இவர்களுக்குப் பின்னால் லில் ஜான், டி.ஐ., ஜீஸி, கூச்சி மேன், ஃப்யூச்சர், மீகோஸ் என்று அணி வகுத்து வந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

மெம்ஃபிஸ்?

எய்ட்பால் அண்ட் எம்ஜேஜி, த்ரீ சிக்ஸ் மாஃபியா. வீட்டில் பதிவு செய்த, ஓசை கரகரக்கும் கேசட்டுகளில் தொடங்கியவர்கள் த்ரீ சிக்ஸ் மாஃபியா. 2006 மார்ச்சில் சிறந்த பாடலுக்கான ஆஸ்கரைக் கையில் வாங்கிய முதல் ராப் குழு அவர்கள்தான். இன்றைய இளைஞர்கள் கேட்கும் இருண்ட தாளங்களில் பாதி அவர்களுடைய பழைய கேசட்டுகளிலிருந்து வருகிறது.

தெற்குதான் ராப்பைக் கெடுத்துவிட்டது என்கிறார்களே?

2000களின் நடுவில் இந்தக் குற்றச்சாட்டு உரக்கக் கேட்டது. ஆடுவதற்கும் செல்பேசி ரிங்டோனுக்கும் ஏற்ற பாட்டுகள் முதலிடத்தைப் பிடித்தன. சொல் நயம் போய்விட்டது என்றார்கள். அப்படிச் சில பாட்டுகள் வந்தது உண்மை. ஆனால் அதே தெற்கில் ஸ்கார்ஃபேஸ் 2002இல் போட்ட ஆல்பத்துக்குச் சோர்ஸ் பத்திரிகை முழு மதிப்பெண் கொடுத்தது. யூ.ஜி.கேவின் பன் பி 2011இல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மதமும் ஹிப்-ஹாப்பும் குறித்து மாணவர்களுக்குப் பாடமே எடுத்தார். ஆடவைக்கும் பாட்டை இளக்காரமாகப் பார்ப்பதும் எனக்குப் புரியவில்லை. நியூ ஆர்லியன்ஸில் சாவு ஊர்வலத்திலேயே இசைக்குழு வாசிக்கும், உறவினர் ஆடுவார்கள். அந்த ஊரின் பவுன்ஸ் இசையிடம் ஆடாதே என்று எப்படிச் சொல்வது?

வசவும் பெண்களை இழிவாகப் பேசுவதும் உங்களை உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. கெட்டோ பாய்ஸின் ஆரம்பகாலப் பாட்டுகளில் சிலவற்றை நான் இரண்டாம் முறை கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். வறுமையும் சிறையும் போலீஸும் சூழ்ந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்லலாம். அடிபட்ட பெண்ணுக்கு அந்த விளக்கம் எதற்கு உதவும்? என் மகளுக்கு எந்தப் பாட்டைப் போட்டுக்காட்டுவேன், எதைக் காட்டமாட்டேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

பெண்களே எழுந்து பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நியூ ஆர்லியன்ஸின் மியா எக்ஸ், மெம்ஃபிஸின் கேங்ஸ்டா பூ, மயாமியின் ட்ரீனா, வர்ஜீனியாவின் மிஸ்ஸி எலியட், இன்றைக்கு ஹூஸ்டனின் மேகன் தி ஸ்டாலியன். இவர்களில் யாரும் ஆண்களின் பாட்டுக்கு ஓரமாக நின்று பின்பாட்டு பாடியவர்கள் இல்லை.

இதில் தமிழர் யாருக்காவது தொடர்பு உண்டா?

உண்டு. ஈழத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்த எம்.ஐ.ஏ என்ற மாயா அருள்பிரகாசம். 2007இல் வந்த, தாயின் பெயரைத் தாங்கிய "கலா" ஆல்பத்தில் ஒரு பாட்டை வர்ஜீனியாவின் டிம்பலண்ட் தயாரித்தார். அதே ஆல்பத்தின் இன்னொரு பாட்டில் மாயா பாடிய ஒரு வரியை எடுத்து, அதன் மேலேயே அட்லாண்டாவின் டி.ஐ. 2008இல் ஒரு பாட்டு வெளியிட்டார். அதில் நியூ ஆர்லியன்ஸின் லில் வெய்னும் உண்டு. 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் அந்த ராப்பர்களுக்கு நடுவே மாயா நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று பாடினார். தெற்கின் ராப் எத்தனை தூரம் போயிற்று என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் வரும் காட்சி அதுதான்.

ஸ்கார்ஃபேஸ் இப்போது எப்படி இருக்கிறார்?

2019இல் ஹூஸ்டன் நகர்மன்றத் தேர்தலில் நின்று, இரண்டாம் சுற்று வரை வந்து தோற்றார். அதே ஆண்டு ஜூனில் புஷ்விக் பில் புற்றுநோயால் இறந்திருந்தார். 2020இல் ஸ்கார்ஃபேஸுக்குக் கொரோனா வந்து, சிறுநீரகங்கள் செயலிழந்தன, டயாலிசிஸில் இருந்தார். மறு ஆண்டு அவருடைய மகன் தன் சிறுநீரகம் ஒன்றைத் தந்தார். 2023 டிசம்பரில் என்.பி.ஆர் வானொலி தன் அலுவலக மேசைக்குப் பின்னால் நடத்தும் சிறு கச்சேரித் தொடரில், இசைக்குழுவோடு பாடினார்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அந்த 2023 கச்சேரியிலிருந்து. இளம் வயதில் இருட்டறையைப் பாடிய மனிதர், அதையெல்லாம் கடந்து வந்து, மகன் கொடுத்த உயிரோடு அதே வரிகளைப் பாடுகிறார். பிறகு 1991ஆம் ஆண்டின் மூலப் பதிவைக் கேளுங்கள். அடுத்து யூ.ஜி.கே 1996இல் போட்ட ஆல்பம், அதற்கு அடுத்து அவுட்காஸ்டின் 1998 ஆல்பம். ஸ்க்ரூவின் கேசட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காதில் மாட்டும் கருவி வேண்டாம். கார் இருந்தால் இரவில் ஆளில்லாத சாலையில், கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டே கேளுங்கள்.